வேலூர் கண்ட மருத்துவ மாதரசி

தென்னாட்டைப் பிரிந்து தொலைவிலே குடியிருக்கும் நமக்கு வேலூர் என்னும் ஊர் ஒரு தனிப் பெருமையைத் தந்திருக்கிறது. நம் காலனியில் உள்ள வங்காளத்து அன்பர் ஒருவர் வீட்டில் எவரேனும் கடும் நோயுற்றால், காட்பாடிக்கு எந்த ரயிலில் ஏறுவது என்று விசாரிக்க நம் கதவைத்தான் தட்டுகிறார். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ஆம் ஆண்டில் ஒரே படுக்கையுடன் தொடங்கிய அந்த மருத்துவமனையிலே தொண்டு புரிந்து மறைந்த டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரைப் பற்றி இம்மலரில் எழுத முற்படுகிறேன்.

அம்மையார் 1925-இல் கொச்சியில், செல்வாக்கு மிக்க சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்திலே பிறந்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று டாக்டரானார். மகளிர் மருத்துவத்தில் தேர்ச்சி பெறவேண்டும் என்பது அவரது விருப்பம். 1954 ஜனவரியில் உடன் பணிபுரிந்த இளம் மருத்துவர்களோடு ஒருநாள் உல்லாசப் பயணம் புறப்பட்டார். வழியிலே வண்டி மைல்கல்லில் மோதிக் கவிழ்ந்தது. முகத்தில் பெருங்காயம், முதுகுத் தண்டிலும் அடி. உயிர் பிழைத்தார், ஆனால் இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. வயதோ இருபத்தெட்டு.

அதன்பின் வந்த மாதங்களை, பக்தர்களின் சரிதம் எழுதுவோர் சிலர் இரண்டே வரிகளில் கடந்துவிடுவர். அது முறையன்று. விசுவாசம் உள்ளவரைத் துயரம் தீண்டாது என்பது அறியாதார் கூற்று. நோயாளிகளைக் குணப்படுத்தக் கற்றவர், தாமே புரண்டு படுக்கவும் பிறர் கையை எதிர்பார்த்துக் கிடந்தார். மீண்டும் நடக்கவேண்டும் என்றே அவர் ஆண்டவரை வேண்டினார். கால்கள் அசையவில்லை. சிறிது சிறிதாகத்தான் அவ்வேண்டுதல் மாறியது. போன கால்களைக் கேட்பதை விடுத்து, இருக்கின்ற கைகளை ஏற்றுப் பணிகொள்ளுமாறு கேட்கத் தொடங்கினார். முதுகெலும்பில் அறுவை செய்து, அவர் நிமிர்ந்து உட்காரும் நிலை உண்டாக்கப்பட்டது.

அக்காலத்தில் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் இருந்தார். கொல்லிமலையில் தொண்டாற்றிய மிஷனரிப் பெற்றோருக்கு 1914-இல் பிறந்தவர் அவர். தொழுநோய் நரம்புகளைத் தாக்கும்போது கையிலுள்ள சிறு தசைகள் செயலிழக்கின்றன; விரல்கள் கொக்கிபோல் மடங்கிவிடுகின்றன. பழுதுபடாத தசை ஒன்றின் நாணைப் புதுவழியே கொண்டுசென்று விரல்களில் இணைத்தால் அவை மீண்டும் நிமிரும். இவ்வறுவையிலே பிராண்ட் வல்லவர். இதனைச் செய்ய நிற்கவேண்டுவதில்லை. மேசையருகே அமர்ந்தே செய்யலாம். அதைச் சொல்லி அம்மையாரை அறுவைக் கூடத்துக்கு அழைத்தவர் அவரே.

சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அம்மையார் அக்கலையைக் கற்றுத் தேர்ந்தார். அவரிடம் வந்தவர்கள் கொதிக்கும் பாத்திரத்தைப் பற்றினாலும் சூடு அறியாதவர்கள். ஊரார் ஒதுக்கியதால் யாசித்துப் பிழைத்தோரும் அவர்களில் உண்டு. அவர்களுடைய நிலை அம்மையாருக்குப் புதிதன்று. படுக்கைப்புண் உண்டானாலும் வலி தெரியாத உடலோடு வாழ்ந்தவர் அவர். உணர்வுள்ள மருத்துவர் பலர் தொடத் தயங்கிய கைகளை அவர் தம் கைகளில் ஏந்தினார்.

இது போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரிலே, பிறர் உதவியின்றித் தம் காரியங்களைத் தாமே செய்துகொள்ளப் பழகினார். பின்னர் நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்டு ரஸ்க் நடத்திய நிலையத்தில் புனர்வாழ்வு மருத்துவம் பயின்றார். 1963-இல் வேலூரில் அத்துறையின் தலைமையை ஏற்றார். அமெரிக்க எழுத்தாளர் டோரதி கிளார்க் வில்சன் எழுதிய அவரது வரலாறும் அவ்வாண்டே வெளிவந்தது. நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் நிலையம் 1966-இல் அமைந்தது. நம் நாட்டில் இவ்வகையில் இதுவே முதலாவது. 1972-இல் அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது.

விருதைவிட அந்த நிலையத்தின் வார்டையே நான் பெரிதாக எண்ணுகிறேன். மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் முறிந்த கிராமத்து உழைப்பாளி ஒருவர் அங்கே படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இனி எழுந்து நடக்க இயலாது என்பதை யார் சொன்னாலும் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூடும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது எப்படி, புண் வராமல் உடலைக் காப்பது எப்படி என்பதையெல்லாம் சொல்ல வருகின்ற டாக்டரோ, தாமே சக்கரத்தை உருட்டிக்கொண்டு வருகிறார்.

1986 டிசம்பரில் அம்மையார் காலமானார். விபத்துக்குப்பின் முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் அந்த நாற்காலியிலேயே அவர் வாழ்ந்திருந்தார்.