காபித் தோட்டங்களை மொட்டையடித்த பூஞ்சை... மருந்து இல்லைன்னு சொன்ன மார்ஷல் வார்டு யார்?

திருத்தணி, பள்ளிப்பட்டு பக்கம் நிலக்கடலை போடுறவங்களுக்கு 'துரு நோய்' புதுசில்ல. இலையைத் திருப்பிப் பார்த்தா அடியில் ஆரஞ்சு கலந்த செம்பழுப்புப் பொட்டு. விரலால் தடவினா துரு மாதிரி ஒட்டும். அந்தத் தூள் முழுக்க பூஞ்சையின் வித்துகள்.

இதே துரு வகையைச் சேர்ந்த இன்னொரு பூஞ்சைதான் 150 வருஷத்துக்கு முன்னாடி இலங்கையின் காபித் தொழிலையே காலி பண்ணுச்சு. அதை ஆராயப் போனவர்தான் ஹாரி மார்ஷல் வார்டு.

யார் இவர்?

1854ல் இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்டில் பிறந்தவர். அப்பா இசைக்கலைஞர், வீட்டில் வசதி கிடையாது. 14 வயசிலேயே பள்ளிப் படிப்பு நின்னுபோச்சு. பிறகு லண்டன், மான்செஸ்டர்னு படிச்சு, உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் போய் 1879ல் முதல் வகுப்பில் தேறினார். அடுத்த வருஷமே இலங்கை அரசு வேலை வந்தது. வேலை ஒண்ணே ஒண்ணுதான்: காபி இலை நோய்க்கு வழி கண்டுபிடிக்கணும்.

கண்டிச் சீமையில் என்ன நடந்தது?

உச்சத்தில் இருந்தப்போ இலங்கை மலைகளில் சுமார் 2.75 லட்சம் ஏக்கரில் காபி நின்றது. அதில் உழைச்சவங்க பெரும்பாலும் நம்ம ஊர் தமிழர்கள். திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கமிருந்து கங்காணிகள் கூட்டிட்டுப் போனவங்க. கடல் தாண்டி மன்னாரில் இறங்கி, காட்டுவழியா நடந்தே மலை ஏறணும். வழியிலேயே செத்தவங்க ஏராளம்.

1869ல் இந்த நோய் அங்கே பதிவாச்சு. அதே வருஷம் பூஞ்சைக்கு 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்'னு பேரும் வெச்சாங்க. பேரிலேயே 'பேரழிவு' இருக்கு! நோய் மண்ணிலிருந்து வருதா, உரத்திலிருந்து வருதான்னு தோட்டத்துரைமார் ஆளுக்கொரு காரணம் சொல்லிட்டிருந்தாங்க.

வார்டு பண்ணது எளிமையான காரியம். தோட்டங்களில் கண்ணாடித் துண்டுகளை வெச்சு, காற்றில் என்ன மிதக்குதுன்னு பார்த்தார். பூஞ்சை வித்துகள் வந்து ஒட்டின. அந்த வித்துகளை நீர்த்துளியோடு காபி இலையில் விட்டப்போ, முளைச்சு, இலைத்துளை வழியா உள்ளே நுழைஞ்சது. சில வாரங்களில் ஆரஞ்சுப் பொட்டு வந்தது. ஆக, நோய்க்குக் காரணம் மண்ணும் இல்ல, உரமும் இல்ல. காற்றில் வர்ற வித்துதான்.

அடுத்து அவர் சொன்னதுதான் யாருக்கும் பிடிக்கல. பூஞ்சை உள்ளே போயிட்டா மேலே தூவுற சுண்ணாம்பும் கந்தகமும் அதைத் தொடாது. நடுவில் காடே விடாம மலை மலையா ஒரே பயிரை நட்டதுதான் காற்றுக்கு வசதியாப் போச்சு. மருந்து கேட்டவங்களுக்கு இது விஞ்ஞானியோட பதிலாவே படல. 1882ல் அவர் மறுபடி இங்கிலாந்தில். 1884ல் காபிக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் பேங்க் மூழ்கியது. தொழிலாளர்களில் நிறைய பேர் ஊர் திரும்பினாங்க. மிச்சம் பேர் அதே மலையில் தேயிலைக்கு மாறினாங்க.

இலைக்குள்ள பூஞ்சை என்ன பண்ணுது?

இலைக்குள் போன பூஞ்சை செல் சுவரைத் துளைச்சு ஒரு சின்ன உறிஞ்சு உறுப்பை நுழைக்கும். செல்லின் சவ்வு கிழியாது. பலூனில் விரலை அழுத்தினா குழியுமே, அப்படி. அங்கிருந்து சாப்பாட்டை உறிஞ்சும்.

ஆனா உறிஞ்சுறதோட கதை முடியல. 1888ல் லில்லிப் பூ நோயை ஆராய்ஞ்ச வார்டு, அதை உண்டாக்குற பூஞ்சை ஒரு நொதியைக் கசியவிட்டு செல் சுவரைக் கரைக்குதுன்னு காட்டினார். 1902ல் புரோம் புல்லின் துரு நோய்க்கு வந்தார். சில புல்வகை தப்பிக்குது, சிலது மாட்டுது. ஏன்? இலைத்துளை, ரோமம் எல்லாம் எண்ணிப் பார்த்தார். எதுவும் பொருந்தல. இலையின் அமைப்பில் விடை இல்ல. செல்லுக்குள்ள இரண்டு தரப்பின் நொதிகளும் நச்சுகளும் மோதுறதுதான் முடிவு பண்ணுதுன்னு சொன்னார். புரதம்னா என்னன்னே சரியாத் தெரியாத காலம் அது!

இன்னைக்கு அந்த ஆயுதங்களுக்குப் பேர் 'எஃபெக்டர்' புரதங்கள். துருப் பூஞ்சையின் உறிஞ்சு உறுப்பிலிருந்து ஒரு புரதம் அவரைச் செடியின் செல்லுக்குள்ளேயே போறதை 2005ல் ஜெர்மனி ஆய்வாளர்கள் கண்டாங்க. நெல்லில் இலைக்கருகல் நோயை உண்டாக்குற பாக்டீரியா இன்னும் துணிச்சல். ஊசி மாதிரி ஓர் அமைப்பால் புரதத்தைச் செலுத்தி, நெல்லின் சர்க்கரைக் கதவைத் திறக்கும் மரபணுவையே முடுக்கிவிடும். செடி தானே சாப்பாட்டை வெளியே கொட்டும்.

அப்புறம் வார்டு?

இந்தியக் காடுகளுக்கு வரப்போற அதிகாரிகளுக்குக் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக் கொடுத்தார். 1895ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர். 1906ல், 52 வயசில் இறந்தார். திபெத் மலைகளில் செடி தேடி அலைஞ்ச ஃபிராங்க் கிங்டன் வார்டு இவர் மகன்தான்.

ஒரு விஷயம் மட்டும் தாமதமா வந்தது. வார்டு இலங்கையை விட்டுப் போய் 3 வருஷம் கழிச்சு, 1885ல், மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை பிரான்ஸில் திராட்சைக்காக அறிமுகமாச்சு. வித்து முளைச்சு உள்ளே போறதுக்கு முன்னாடியே தடுக்கும். ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் பருவமழைக்கு முன்னாடி இன்னைக்கும் அடிக்கிறது அதைத்தான்.