டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர்

(11-ஆம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுதியது)

நம் சுவர்ப் பத்திரிகையில் எடிசன், மேரி கியூரி, ராமானுஜன் பற்றியெல்லாம் எழுதியாகிவிட்டது. ஆனால் தினமும் நம்மைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து விடுகிற ஒருவரைப் பற்றி யாரும் எழுதவில்லை. பஸ், லாரி, டிராக்டர், ஆத்தங்கரை மோட்டார் எல்லாவற்றிலும் அவர் பெயர் இருக்கிறது. பெட்ரோல் பங்கில் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். டீசல்! அது எண்ணெயின் பெயர் என்றுதான் பாதிப் பேர் நினைக்கிறோம். முதலில் அது ஒரு மனிதரின் பெயர்.

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18 அன்று பாரிஸ் நகரத்தில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியாப் பகுதிக்காரர்கள். அப்பாவுக்குப் புத்தக பைண்டிங்கும் தோல் வேலையும்தான் தொழில். 1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் சண்டை வந்தபோது ஜெர்மன்காரர்கள் பாரிஸை விட்டுப் போக வேண்டியதாயிற்று. குடும்பம் லண்டனுக்குப் போனது. அங்கே பிழைப்புக்கு வழியில்லாததால் 12 வயதுப் பையனான ருடால்ஃபை மட்டும் ஆக்ஸ்பர்க் நகரத்தில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வீட்டுக்காரர் ஒரு கணக்கு வாத்தியார். ஒரு விதத்தில் அது நல்லதாகப் போச்சு. பையன் நன்றாகப் படித்து, உதவித்தொகையோடு மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். கடைசிப் பரீட்சை நேரத்தில் டைஃபாய்டு வந்து படுத்துவிட்டார். 1880-இல் அந்தப் பரீட்சையை எழுதி மிக உயர்ந்த மதிப்பெண் வாங்கினார்.

அங்கே அவருக்குப் பாடம் எடுத்தவர், குளிர்பதன இயந்திரத்துக்குப் பேர்போன கார்ல் ஃபான் லிண்டே. நீராவி எஞ்சினில் போடுகிற நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட வேலையாக மாறுவதில்லை, மீதி எல்லாம் வீண் என்பதை வகுப்பில்தான் டீசல் தெரிந்துகொண்டார். அது அவர் மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. லிண்டேயின் ஐஸ் இயந்திர வேலையில் சேர்ந்து சம்பாதித்துக்கொண்டே, மீதி நேரத்தில் வேறு எஞ்சினுக்கு வழி தேடினார். அம்மோனியா ஆவியை வைத்துச் சில வருஷம் முயன்றதில் ஒன்றும் நடக்கவில்லை.

அதன் பிறகுதான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடும், கவனித்திருப்பீர்கள். காற்றை வேகமாக நெருக்கினால் சூடாகும் என்பது நம் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது. காற்றை மட்டும் 500 டிகிரிக்கும் மேல் சூடாகும்வரை சிலிண்டருக்குள் நெருக்கிவிட்டு, அந்த நேரத்தில் எண்ணெயை உள்ளே விட்டால் அது தானாகப் பற்றிக்கொள்ளும். தீப்பொறியே வேண்டாம். பெட்ரோல் எஞ்சினில் பிளக் இருப்பதும் டீசல் எஞ்சினில் இல்லாததும் இதனால்தான்.

1892-இல் காப்புரிமைக்கு எழுதிப் போட்டார், 1893-இல் கிடைத்தது. ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் க்ருப் நிறுவனமும் உதவிக்கு வந்தன. காப்புரிமையில் அவர் 250 மடங்கு காற்றழுத்தம் என்று எழுதியிருந்தார். அந்தக் காலத்து இரும்பும் வால்வும் அதைத் தாங்காது என்று தெரிந்ததும், வேலை செய்யும்போது பெரிதும் குறைத்துக்கொண்டார். 1893 ஆகஸ்ட் 10 அன்று முதல் சோதனை. தொழிற்சாலை பெல்ட்டை மாட்டி எஞ்சினைச் சுற்றவிட்டு, உள்ளே எரிபொருளை விட்டார்கள். படார் என்று வெடித்து, மேலே பொருத்தியிருந்த அழுத்தமானி தூள்தூளாகிப் பறந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் தப்பியது பெரிய விஷயம். டீசலுக்கோ சந்தோஷம்! நெருக்கிய காற்றில் எரிபொருள் தானாகப் பற்றும் என்பது நிரூபணமாகிவிட்டது அல்லவா. 1894 பிப்ரவரி 17 அன்று எஞ்சின் தன் சொந்தப் பலத்தில் நிமிடத்துக்கு 88 சுற்று வேகத்தில் ஓடியது. எவ்வளவு நேரம் தெரியுமா? ஏறக்குறைய ஒரே ஒரு நிமிடம்.

அந்த ஒரு நிமிடத்திலிருந்து ஒழுங்காக ஓடும் எஞ்சினுக்கு வர இன்னும் மூன்று வருஷம் ஆனது. 1897 பிப்ரவரியில் பேராசிரியர் ஷ்ரோட்டர் அதிகாரபூர்வமாகச் சோதித்தார். ஒரே சிலிண்டர். விட்டம் 250 மில்லிமீட்டர், பிஸ்டன் போய்வரும் தூரம் 400 மில்லிமீட்டர், கொள்ளளவு 19.6 லிட்டர், சக்தி சுமார் 20 குதிரைத்திறன். எரிபொருளின் வெப்பத்தில் 26.2 சதவீதம் வேலையாக மாறியது. இதை நம் காலத்து காரோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். 2007-இல் ஸ்விஃப்ட் காரில் வந்த ஃபியட் டர்போ டீசல் எஞ்சினுக்கு 1248 சி.சி.தான், அதாவது 1.25 லிட்டர்கூட முழுசாக இல்லை. அதன் சக்தி 75 குதிரைத்திறன். முன்னதில் பதினாறில் ஒரு பங்கு அளவு, ஏறக்குறைய நாலு மடங்கு பலம்!

சோதனை முடிந்ததும் டீசல் பெரிய பணக்காரர் ஆகிவிட்டார். அமெரிக்க உரிமையை அடால்ஃபஸ் புஷ் 10 லட்சம் மார்க் கொடுத்து வாங்கினார். 1898-இல் மொத்த உரிமையையும் ஒரு கம்பெனி 35 லட்சம் மார்க்குக்கு எடுத்துக்கொண்டது. பல வாழ்க்கை வரலாறுகளில் இந்த இடத்தோடு நிறுத்தி, ஏழைப் பையன் ஜெயித்தான் என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு இதற்கு அப்புறம் நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது.

சோதனைக்கூடத்தில் நன்றாக ஓடிய எஞ்சின், வாங்கினவர் இடத்தில் ஓடவில்லை. 1898-இல் கெம்ப்டன் என்ற ஊரில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு 60 குதிரைத்திறன் எஞ்சின் போனது. அது அடிக்கடி மக்கர் பண்ணியது. ஆக்ஸ்பர்க்கிலிருந்து ஆட்கள் போய்ப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. வேறு இடங்களில் வாங்கினவர்களும் திருப்பி அனுப்பினார்கள். காரணம், எண்ணெயை உள்ளே தள்ளும் முறைதான். அப்போது நல்ல பம்ப் கிடையாது. தனியாக ஒரு கம்ப்ரசர் வைத்து, அதிக அழுத்தக் காற்றால் எண்ணெயைச் சிலிண்டருக்குள் ஊதினார்கள். கம்ப்ரசர் சூடாகிக் கெட்டுப்போகும். எண்ணெய் போகிற சின்ன ஓட்டை அடைத்துக்கொள்ளும். வால்வு ஒழுகும். சொந்தக்காரர்களுக்கோ நீராவி எஞ்சின் மட்டும்தான் பழக்கம்.

என் மாமா டீசல் பம்ப், நாசில் சர்வீஸ் செய்கிறவர். லீவில் அவர் பட்டறைக்குப் போவேன். இதை அவரிடம் சொன்னதும் சிரித்துவிட்டு, இன்றைக்கும் அதே மூன்று இடத்தில்தானே வண்டி வந்து நிற்கிறது என்றார். யோசித்தால் சரிதான். கம்ப்ரசருக்குப் பதிலாக பாஷ் நிறுவனம் 1927-லிருந்து பம்ப் செய்து கொடுத்தது. அதன்பிறகு டீசல் எஞ்சின் லாரிகளில் பரவலானது, 1936-இல் மெர்சிடிஸ் 260 டி காருக்குள்ளும் போனது. இப்போதைய காமன் ரயில் பம்ப் ஆயிரம் மடங்கு காற்றழுத்தத்துக்கும் மேலே எண்ணெயைத் தள்ளுகிறது. இன்ஜெக்டரில் உள்ள ஓட்டைகள் தலைமுடி பருமன்தான். டீசலில் தண்ணீரோ தூசியோ கலந்தால் முதலில் போவது அதுதான். ஸ்டார்ட் ஆகாது, கரும்புகை தள்ளும், கட்டகட என்று அடிக்கும்.

காற்று அமுக்கும் வேலையும் வேறு உருவத்தில் திரும்பி வந்துவிட்டது. ஸ்விட்சர்லாந்துக்காரரான ஆல்ஃப்ரெட் பியூக்கி 1905-இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கினார். வெளியே போகும் புகையை வைத்தே ஒரு சக்கரத்தைச் சுற்றி, அதால் உள்ளே கூடுதல் காற்றைத் தள்ளுவது. அதுதான் டர்போ. 1920-களில் கப்பலுக்கு வந்தது, 1978-இல் மெர்சிடிஸ் 300 எஸ்.டி. காருக்கு வந்தது. கார் டர்போ நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கும் மேல் சுற்றும். அதன் தண்டு ஆயில் படலத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. ஆயில் மாற்றாமல் ஓட்டினாலோ, மலை ஏறி வந்த சூட்டில் சட்டென்று அணைத்தாலோ அந்த ஆயில் கருகிக் கரியாகும். அப்புறம் டர்போ விசிலடிக்கும், ஆயில் குடிக்கும். புகையைத் திருப்பி உள்ளே விடுகிற ஈ.ஜி.ஆர். வால்வில் கரி அடைப்பது இன்னொரு தலைவலி. புதிய வண்டிகளின் புகை வடிகட்டியும், பக்கத்துக் கடைக்கு மட்டும் போய்வந்தால் அடைத்துக்கொள்ளும். சூடேறினால்தான் அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்.

இந்தக் குறைகளைத் தீர்க்கப் பின்னால் ஆட்கள் வருவார்கள் என்று 1898-இல் டீசலுக்கு எப்படித் தெரியும்? திரும்பி வந்த எஞ்சின் ஒவ்வொன்றும் அவர் பெயரோடு வந்தது. உடல்நிலையும் மனநிலையும் கெட்டு, மாதக்கணக்கில் சிகிச்சை இல்லத்தில் இருந்தார். இன்னொரு பக்கம், எஞ்சின் அவர் கண்டுபிடிப்பே அல்ல என்று வாதாடியவர்களும் உண்டு.

எஞ்சின் மட்டும் மெல்ல மெல்லத் தேறியது. 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சினை வேர்க்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். (நம்ம ஊர் கடலை எண்ணெய் விலைக்கு அது கட்டுப்படியாகாது!) 1912-இல் டென்மார்க்கின் செலாண்டியா கப்பல் புகைபோக்கியே இல்லாமல் கடல் கடந்தது. ஊர் ஊராக டீசலை அழைத்துப் பாராட்டினார்கள். ஆனால் வீட்டுக் கணக்கு வேறு மாதிரி இருந்தது. மியூனிக்கில் அரண்மனை போல வீடு கட்டியிருந்தார். நிலத்திலும் எண்ணெய்க் கிணற்றிலும் போட்ட பணம் போய்விட்டது. மனைவி மார்த்தாவிடம்கூட இதைச் சொல்லவில்லை.

1913 செப்டம்பர் 29 மாலை ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். இங்கிலாந்தில் ஒரு கூட்டம். நண்பர்களோடு சாப்பிட்டுவிட்டு, இரவு பத்து மணி அளவில் காலையில் 6.15-க்கு எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார். காலையில் படுக்கை கலையாமல் இருந்தது. தொப்பியும் மேல்கோட்டும் கப்பல் தளத்தில் மடித்து வைத்திருந்தன. டைரியில் அந்தத் தேதிக்கு நேரே ஒரு சிலுவைக் குறி. யாரோ கொன்றுவிட்டார்கள் என்று அப்போதே பத்திரிகைகள் எழுதின, இன்றும் எழுதுகிறார்கள். அதற்குச் சாட்சி கிடையாது. எனக்கு அந்தக் காலிக் கணக்குப் புத்தகம்தான் காரணமாகத் தோன்றுகிறது.

புறப்படும் முன் மார்த்தாவிடம் ஒரு பையைக் கொடுத்து, அடுத்த வாரம்தான் திறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். திறந்தபோது ரொக்கப் பணமும், வங்கிக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்று காட்டும் காகிதங்களும் இருந்தன. பத்து நாள் கழித்து ஒரு டச்சுப் படகுக்காரர்கள் கடலில் ஓர் உடலைப் பார்த்தார்கள். சட்டைப் பையில் இருந்த மாத்திரை டப்பா, கண்ணாடிக் கூடு, பேனாக்கத்தி முதலியவற்றை எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். அக்டோபர் 13 அன்று மகன் ஆய்கன் அவற்றைப் பார்த்து, இவை அப்பாவுடையவைதான் என்று அடையாளம் சொன்னார்.