வேய்ங்குழல் வித்தகர் சரப சாஸ்திரியார்

மாந்தர் வாழ்வை ஆண்டுகளால் அளத்தல் உலக வழக்கு. அவர் விட்டுச்சென்ற பயனால் அளத்தலே அறிவுடையோர் வழக்கு. இவ்வளவுகோலால் நோக்குங்கால், 1872 முதல் 1904 வரை முப்பத்திரண்டு ஆண்டளவே உலகில் இருந்த கும்பகோணம் சரப சாஸ்திரியார், நீடு வாழ்ந்தவரே ஆவர் என்பது எமது துணிபு.

குழல் தமிழர்க்குப் புதியதன்று. தீக்கடைகோலால் துளையிட்ட குழலை ஊதும் ஆயனைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகின்றது. சிலப்பதிகார அரங்கேற்று காதையிலே குழலாசிரியனுக்குத் தனியிடம் உண்டு. ஆயினும், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இசையரங்குகளில் வாய்ப்பாட்டும் வீணையும் பெற்றிருந்த தலைமையைக் குழல் பெற்றிலது. அதற்குக் காரணமும் உண்டு. நம் இராகங்களுக்கு உயிராவது கமகம். எட்டு விரல்துளைகளே உடைய ஒரு மூங்கில் துண்டிலே, ஒரு சுரத்தினின்று மற்றொன்றிற்கு அசைந்தும் வழுக்கியும் செல்லுதல் எளிதன்று. துளையை முழுதும் மூடாது சிறிதே திறந்து, அதற்கேற்ப மூச்சையும் அடக்கிச் செலுத்துதல் வேண்டும்.

இவ்வரிய செயலைத் தம் வாழ்நாட்பணியாக மேற்கொண்டவர் சாஸ்திரியார். அவர் இளமையிலேயே கண்ணொளி இழந்தவர். ஏட்டைக் காணவோ, பிறர் விரல் செல்லும் நெறியை நோக்கிக் கற்கவோ அவர்க்கு வழியில்லை. செவியே அவர்க்கு நூல். விரலே அவர்க்கு விழி. இடைவிடாப் பயிற்சியால், வாய்ப்பாட்டாளர் விரித்துரைக்கும் இராகங்களையும் கீர்த்தனங்களையும் குழலில் இசைக்கும் முறையை அவர் வகுத்தார். கருநாடக இசையரங்கிலே குழலைத் தனிநின்று இசைக்கும் தலைமைக் கருவியாக நிலைநாட்டியவர் அவரே என இசைவரலாறு எழுதுவோர் போற்றுகின்றனர்.

1904-இல் அவர் மறைந்தார். இசைத்தட்டுகள் நாடெங்கும் பரவாத காலம் அது. குழலோசை காற்றிற் பிறந்து காற்றிலே கரைவது. கற்றார் ஒருவர் இல்லாதிருப்பின் அவர் கலையும் அவரோடு ஒழிந்திருக்கும். அங்ஙனம் ஒழியாது காத்த பெருமையில் நம் கொங்கு நாட்டிற்கும் பங்குண்டு. எம் ஜேடர்பாளையத்து அணையைத் தழுவிச் செல்லும் காவிரி, கிழக்கே ஓடிக் குடந்தையை அடைகின்றது. அக்குடந்தை ஆசிரியரிடம் குழல் பயின்ற மாணாக்கருள் ஒருவர், கொங்கு நாட்டுப் பல்லடத்தைத் தம் பெயரிற் கொண்ட சஞ்சீவ ராவ். 1882-இற் பிறந்த அவர், ஆசிரியர் மறைந்தபின் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் வாழ்ந்து அவர்தம் வழியைப் பேணினார். 1943-இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதும் அவரை வந்தடைந்தது. ஆசிரியர்க்குக் கிட்டாத ஆண்டுகளை மாணாக்கர் ஈடுசெய்தார் எனலாம்.

பின்னர், 1926-இல் திருவிடைமருதூரிற் பிறந்த டி. ஆர். மகாலிங்கம், ஊதும் முறையிலும் விரலிடும் முறையிலும் புதுநெறி கண்டார். பழைய நெறியினின்று அவர் விலகினார் என்பது உண்மையே. எனினும், அவர் விலகிச் செல்வதற்கும் முன்னே ஒரு நெறி இருத்தல் வேண்டுமன்றோ? குழலுக்கென ஓர் அரங்கும், அதனைக் கேட்கும் அவையும் முன்னரே அமைந்திருந்தன. அவற்றை அமைத்தவர், அவ்வவையை ஒருநாளும் கண்ணாற் காணாதவர்.

அன்புள்ள மாணவர்காள்! காலம் நீளும் என்று கருதி நற்பணியைத் தள்ளிவைத்தல் இளமையின் இயல்பு. நாம் கற்றதைப் பிறர்க்கு ஈந்தால், நம் நாள் குறுகினும் பணி குறுகாது. சாஸ்திரியார் வாழ்வு நமக்கு உணர்த்துவது இதுவே.