விரலுக்கு எழுத்தறிவித்த மாண்டிசோரி அம்மையார்

பச்சைக் குழந்தையின் கையில் பலப்பத்தைத் திணித்து, எழுது எழுது என்று அதட்டுவது பல வீடுகளில் காணும் காட்சி. முதலில் கை பழகட்டும், எழுத்து தானே வரும் என்று செய்து காட்டியவர் மரியா மாண்டிசோரி அம்மையார்.

1870 ஆகஸ்ட் 31-ல் இத்தாலியில் கியாரவல்லே என்ற ஊரில் பிறந்தார். 1896-ல் ரோம் பல்கலைக் கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளிடையே பணியாற்றியபோது, மரத்தில் செய்த எழுத்துக்களைத் தடவிப் பார்க்க அவர்களைப் பழக்கினார். எதற்கும் உதவார் என்று ஒதுக்கப்பட்ட அவர்களில் சிலர், பொதுப் பள்ளி மாணவர்களோடு தேர்வு எழுதித் தேறினர். ஊரார் வியந்தனர். அம்மையாருக்கோ, குறையொன்றுமில்லாத பிள்ளைகள் இன்னும் முன்னேறாதது ஏன் என்ற கவலை பிறந்தது.

1907 ஜனவரி 6-ல், ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லோரென்சோ பகுதியில் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கேட்பாரற்றுத் திரிந்த குழந்தைகளே அங்கு வந்தனர். எழுத்துக் கற்பிக்கும் எண்ணம் முதலில் அவருக்கு இல்லை. எழுத்தறியாத தாய்மார்களே வந்து வேண்டிக் கொண்டனர்.

மர எழுத்துக்கள் செய்ய வழி ஏற்படவில்லை. ஆகவே உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி, வழவழப்பான அட்டையில் ஒட்டினார். அதுவே நல்லதாயிற்று. விரல் வழி தவறினால், சொரசொரப்பு மறைந்து விரலே பிழையை உணர்த்தும். இரண்டு விரல்கள் எழுதும் திசையில் செல்ல, கண் பார்க்க, வாய் ஒலியைச் சொல்ல வேண்டும். பென்சில் பிடிக்கத் தனிப் பயிற்சி.

டிசம்பர் மாதத்தில் ஒருநாள், மொட்டை மாடியில் ஐந்து வயதுச் சிறுவனிடம் சாக்கட்டியைக் கொடுத்து, புகைப்போக்கியை வரையச் சொன்னார். வரைந்தவன், தனக்கு எழுத வருகிறது என்று கூவியபடி, கை என்ற சொல்லைத் தரையில் எழுதினான். பிறகு புகைப்போக்கி, கூரை! மற்றக் குழந்தைகளும் சாக்கட்டி கேட்டு ஓடிவந்தனர். கூலிக்காரர் பிள்ளைக்குக் கல்வி ஏறாது என்ற பேச்சு அன்று பொய்யாயிற்று.

1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இத்தாலி போரில் இறங்கியதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. சில ஆண்டுகள் கொடைக்கானலில் கழிந்தன. 1952 மே 6-ல் ஹாலந்தில் காலமானார்.

நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதி, வாய்விட்டுச் சொன்னதும் இதே வழிதான். பள்ளியில் தமிழ் இல்லாத ஊரில் பிள்ளை வளர்ப்போருக்கு, ஒரு தட்டு அரிசியும் தினம் பத்து நிமிடமும் போதும்.