நெவில் சேம்பர்லேன் (ஸ்னூக்கர்)

இக்கட்டுரை ஸ்னூக்கர் விளையாட்டை உருவாக்கிய படை அதிகாரியைப் பற்றியது. பிரித்தானியத் தலைமை அமைச்சராக இருந்த நெவில் சேம்பர்லேன் வேறொருவர்.

சர் நெவில் பிரான்சிஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட் சேம்பர்லேன் (ஜனவரி 13, 1856 – மே 28, 1944) இந்தியாவில் பணியாற்றிய பிரித்தானியப் படை அதிகாரி ஆவார். 1875 ஆம் ஆண்டு ஜபல்பூரில் ஸ்னூக்கர் விளையாட்டைத் தொடங்கியவராகவும், 1882 ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் உதகமண்டலத்தில் அதன் விதிகளுக்கு வடிவம் கொடுத்தவராகவும் இவர் அறியப்படுகிறார். இன்று உலகெங்கும் பெரும் பரிசுத்தொகையுடன் நடைபெறும் தொழில்முறை ஸ்னூக்கர் போட்டிகளுக்கெல்லாம் மூலம் இவ்விரு ஊர்களிலேயே உள்ளது. எனினும் இவ்வுண்மை பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்டபோது சேம்பர்லேனுக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது.

இளமையும் படைப்பணியும்

சேம்பர்லேன் படைத்துறைக் குடும்பத்தில் பிறந்தவர். பீல்டு மார்ஷல் சர் நெவில் போல்ஸ் சேம்பர்லேன் இவருடைய பெரிய தந்தையார் ஆவார். சாண்ட்ஹர்ஸ்ட் படைக் கல்லூரியில் பயின்ற பின் 1873 இல் டெவன்ஷயர் படைப்பிரிவில் இளநிலை அதிகாரியாகச் சேர்ந்து இந்தியா வந்தார். 1876 இல் மத்திய இந்தியக் குதிரைப்படைக்கு மாறினார்.

இரண்டாம் ஆங்கிலேய–ஆப்கானியப் போரில் தளபதி பிரடெரிக் ராபர்ட்சின் கீழ்ப் பணியாற்றினார். 1880 இல் காந்தகார்ப் போரில் காயமுற்றார். ராபர்ட்ஸ் 1881 இல் சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக நியமிக்கப்பட்டபோது சேம்பர்லேனும் அவருடன் தென்னிந்தியா வந்தார்.

ஸ்னூக்கரின் தோற்றம்

அக்காலத்தில் பில்லியர்ட்ஸ் மேசையில் பணம் வைத்து ஆடும் பல ஆட்டங்கள் இருந்தன. அவற்றுள் மூன்று இங்கு குறிப்பிடத்தக்கவை.

பிரமிட்ஸ்: பதினைந்து சிவப்புப் பந்துகளை முக்கோணமாக அடுக்கி, அவற்றைப் பைகளில் விழச்செய்யும் ஆட்டம்.

லைஃப் பூல்: ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறப் பந்து உண்டு. ஒருவருடைய பந்தைப் பையில் வீழ்த்தினால் அவர் ஓர் உயிரை இழப்பார். பணமும் செலுத்த வேண்டும்.

பிளாக் பூல்: முந்தைய ஆட்டத்துடன் ஒரு கருப்புப் பந்தையும் சேர்த்து ஆடுவது.

1875 ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஜபல்பூரில் இருந்த டெவன்ஷயர் படைப்பிரிவின் அதிகாரிகள் பிற்பகல் வேளைகளை பில்லியர்ட்ஸ் மேசையருகே கழித்து வந்தனர். பிளாக் பூல் ஆட்டத்தில் மேலும் நிறப் பந்துகளைச் சேர்க்கலாம் என்னும் எண்ணம் பத்தொன்பது வயதான சேம்பர்லேனுக்குத் தோன்றியது. இவ்வாறு சிவப்புப் பந்துகளுடன் மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு, கருப்பு ஆகிய நிறங்கள் இடம்பெற்றன. நீலமும் பழுப்பும் சில ஆண்டுகள் கழித்தே சேர்க்கப்பட்டன.

பெயர்க் காரணம்

வூல்விச்சில் இருந்த படைக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களை ஸ்னூக்கர் என்று கேலியாக அழைப்பது வழக்கம். அக்கல்லூரியில் பயின்ற இளம் அதிகாரி ஒருவர் ஜபல்பூருக்கு வந்தபோது இச்சொல்லைச் சேம்பர்லேன் அறிந்துகொண்டார். பின்னர் ஓர் ஆட்டத்தில் எளிதில் விழவேண்டிய நிறப் பந்தைத் தவறவிட்ட ஒருவரை அவர் அப்பெயரிட்டு அழைத்தார். அவருடைய மனம் புண்படாதிருக்க, இப்புதிய ஆட்டத்தில் எல்லோருமே முதலாண்டு மாணவர்கள்தாம் என்று பொருள்படக் கூறினார். அப்பெயரே ஆட்டத்துக்கு நிலைத்துவிட்டது.

உதகமண்டலம்

சென்னை மாகாண அரசு கோடைக்காலத்தில் உதகமண்டலத்திலிருந்து இயங்கி வந்தது. எனவே தலைமைத் தளபதியுடன் சேம்பர்லேனும் ஆண்டுதோறும் நீலகிரி சென்றார். மலை இரயில் பாதை அப்போது இல்லை. அது குன்னூருக்கு 1899 இலும் உதகமண்டலத்துக்கு 1908 இலுமே வந்தடைந்தது.

1841 இல் தொடங்கப்பட்ட ஊட்டி கிளப் அதிகாரிகளும் தோட்ட உரிமையாளர்களும் கூடும் இடமாக விளங்கியது. பல படைப்பிரிவுகளைச் சேர்ந்தவர்கள் ஒரே மேசையில் ஆடியபோது அனைவருக்கும் பொதுவான விதிகள் தேவைப்பட்டன. 1882 இல் சேம்பர்லேன் அவ்விதிகளைத் தொகுத்து எழுத, அவை கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டி வைக்கப்பட்டன. விடுமுறைக்கு வந்து திரும்பிய அதிகாரிகள் வழியாக இவ்வாட்டம் இந்தியாவின் பிற படைமுகாம்களுக்கும் பரவியது.

இங்கிலாந்துக்குச் செல்லுதல்

இங்கிலாந்தின் புகழ்பெற்ற பில்லியர்ட்ஸ் வீரரான ஜான் ராபர்ட்ஸ் (இளையவர்) 1885 இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் மேற்கொண்டார். கல்கத்தாவில் கூச் பிகார் மகாராஜாவுடன் நடந்த விருந்தொன்றில் இவர் சேம்பர்லேனைச் சந்தித்து ஆட்டத்தின் விதிகளைக் கேட்டறிந்தார். பின்னர் நாடு திரும்பி அங்கு அதனை அறிமுகப்படுத்தினார். 1900 இல் இங்கிலாந்தின் பில்லியர்ட்ஸ் சங்கம் ஸ்னூக்கர் விதிகளை முறைப்படி ஏற்றுக்கொண்டது.

அயர்லாந்தில் காவல்துறைத் தலைவர்

சேம்பர்லேன் 1890 முதல் 1897 வரை காஷ்மீர் அரசின் படைச் செயலராக இருந்தார். தென்னாப்பிரிக்கப் போரின்போது தளபதி ராபர்ட்சின் தனிச்செயலராகப் பணியாற்றினார். 1900 இல் அயர்லாந்தின் அரச காவல்படைக்குத் தலைவராக நியமிக்கப்பட்டு, பதினாறு ஆண்டுகள் அப்பதவியை வகித்தார்.

1916 ஏப்ரலில் டப்ளினில் ஈஸ்டர் எழுச்சி நிகழ்ந்தது. ஐரியத் தொண்டர் படையினரின் வளர்ச்சியைப் பற்றி சேம்பர்லேனின் காவல்படை அரசுக்கு முன்னரே அறிக்கைகள் அனுப்பியிருந்தது. எழுச்சியை ஆராய்ந்த அரச ஆணையம் அயர்லாந்தின் தலைமைச் செயலராக இருந்த அகஸ்டின் பிரல் மீதே முதன்மைப் பொறுப்பைச் சுமத்தியது. எனினும் சேம்பர்லேனும் அவ்வாண்டே பதவி விலகினார். ஐரிய வரலாற்று நூல்களில் இவர் பெயர் இந்நிகழ்வு தொடர்பாகவே இடம்பெறுகிறது.

தொழில்முறைப் போட்டியின் தொடக்கம்

சேம்பர்லேன் ஓய்வில் இருந்த காலத்தில் ஸ்னூக்கர் தொழில்முறை விளையாட்டாக மாறியது. ஜோ டேவிஸ் என்னும் இளம் வீரரும் பர்மிங்காமைச் சேர்ந்த பில் கேம்கினும் முயன்று முதலாவது தொழில்முறை வாகையர் போட்டியை நடத்தினர். பத்துப் பேர் கலந்துகொண்ட இப்போட்டியின் இறுதியாட்டம் 1927 மே மாதம் பர்மிங்காமில் நடைபெற்றது. டேவிஸ் 20–11 என்ற கணக்கில் டாம் டென்னிசை வென்றார். அவருக்குக் கிடைத்த பரிசு 6 பவுண்டு 10 ஷில்லிங் மட்டுமே.

தொடக்க ஆண்டுகளில் இப்போட்டிக்குப் போதிய ஆதரவு இல்லை. 1931 இல் டேவிஸ், டென்னிஸ் ஆகிய இருவர் மட்டுமே பங்குபெற்றனர். பில்லியர்ட்ஸ் வீரர்கள் பலர் ஸ்னூக்கரைப் பொழுதுபோக்கு ஆட்டமாகவே கருதினர். போட்டியைக் கைவிடாமல் தொடர்ந்த டேவிஸ் 1927 முதல் 1940 வரை நடந்த 14 போட்டிகளையும் வென்றார். போரினால் தடைப்பட்ட போட்டி 1946 இல் மீண்டும் நடைபெற்றபோதும் அவரே வென்றார். அதன்பின் தோல்வியறியாதவராக இப்போட்டியிலிருந்து விலகினார்.

கண்டுபிடிப்பு பற்றிய விவாதம்

ஆட்டம் புகழ்பெறத் தொடங்கியதும் அதன் தோற்றம் பற்றிப் பல கருத்துகள் எழுந்தன. ஸ்னூக்கர் வூல்விச் படைக் கல்லூரியிலேயே தோன்றியது என்று சிலர் எழுதினர். இதனை மறுத்து சேம்பர்லேன் 1938 இல் தி ஃபீல்டு என்ற இதழுக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு எழுத்தாளர் காம்ப்டன் மெக்கன்சி தி பில்லியர்டு பிளேயர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். சேம்பர்லேனுடன் இந்தியாவில் பணியாற்றிய அதிகாரிகளின் சான்றுகளை அவர் அதில் தொகுத்து அளித்தார். அதன் பிறகு சேம்பர்லேனின் உரிமை பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இச்சான்றுகள் நிகழ்வு நடந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் நினைவிலிருந்து எழுதப்பட்டவை என்பது கருதத்தக்கது. இருப்பினும் தனித்தனியே எழுதிய பலருடைய கூற்றுகள் ஒன்றுபடுவது அவற்றுக்கு வலிமை சேர்க்கிறது.

மறைவும் பின்னைய வளர்ச்சியும்

சேம்பர்லேன் 1944 மே 28 அன்று இங்கிலாந்தின் ஆஸ்காட் நகரில் காலமானார். அப்போது உலகப் போரினால் வாகையர் போட்டி நின்றிருந்தது. பின்னரும் அப்போட்டி 1957 க்கும் 1964 க்கும் இடையே நடைபெறவில்லை. 1969 இல் மீண்டும் வெளியேற்று முறையில் தொடங்கப்பட்டு, 1977 முதல் ஷெஃபீல்டு நகரின் குரூசிபிள் அரங்கில் நடைபெற்று வருகிறது.

இந்தியாவில் 1963 இல் முதலாவது உலகத் தொழில்முறைசாரா ஸ்னூக்கர் போட்டி கல்கத்தாவில் நடந்தது. அப்பட்டத்தை 1984 இல் ஓம் அகர்வாலும் 2003 இல் பங்கஜ் அத்வானியும் வென்றனர். தொழில்முறைத் தரவரிசைப் போட்டி ஒன்று இந்தியாவில் முதன்முதலாக நடந்தது 2013 இல் புது தில்லியில்தான். அதன் இறுதியாட்டத்துக்கு இந்தியரான ஆதித்ய மேத்தா முன்னேறி, சீனாவின் டிங் ஜுன்ஹுயியிடம் தோற்றார். ஜபல்பூரில் முதல் ஆட்டம் நடந்து அப்போது 138 ஆண்டுகள் கடந்திருந்தன.

உதகமண்டலத்தில் சேம்பர்லேன் விதிகளை எழுதிய கிளப் கட்டடம் இன்றும் உள்ளது. ஸ்னூக்கரின் தொடக்கத்துடன் தொடர்புடைய அறையை அக்கிளப் பேணி வருகிறது.