மர்ஹூம் டி.பி. ஜாயா

இலங்கை முஸ்லிம்களின் கல்வி வரலாற்றில் மர்ஹூம் டி.பி. ஜாயா அவர்களுக்குத் தனி இடம் உண்டு. 1890-ல் கண்டிச் சீமையிலுள்ள கலகெதரையில், மலாய் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். கண்டி தர்மராஜா, கொழும்பு ஆனந்தா ஆகிய பௌத்தக் கல்லூரிகளில் ஆசிரியராக இருந்து நற்பெயர் பெற்றார்.

1921-ல் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். அறிஞர் சித்திலெப்பை முதலியோரின் முயற்சியால் 1892-ல் மருதானைப் பள்ளிவாசலை ஒட்டித் தோன்றிய அங்கு, அப்போது நூறு மாணவர்கூட இல்லை. மிஷன் பள்ளிக்கு அனுப்பினால் மார்க்கம் போய்விடுமோ என்று அஞ்சி, பெற்றோர் பலர் பிள்ளைகளைப் படிக்கவைக்கவே தயங்கிய காலம் அது. தீனும் உலகக் கல்வியும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும் என்று காட்டி, அந்த அச்சத்தைப் போக்கினார் ஜாயா. அவர் பொறுப்பில் இருந்த 27 ஆண்டுகளில் மாணவர் தொகை ஆயிரக்கணக்கில் பெருகியது. கம்பளை, மாத்தளை, புத்தளம் ஆகிய ஊர்களிலும் கிளைகள் எழுந்தன.

1924-ல் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று நெடுங்காலம் வாதாடியவர் அவர். ஆயினும் 1945-ல் சுயாட்சிக்கான அரசியல் திட்டம் சபைக்கு வந்தபோது, நிபந்தனை ஏதும் விதிக்காமல் ஆதரித்தார். தம் சமுதாயத்தின் பெயரால் நாட்டின் விடுதலை தடைப்படலாகாது என்று கருதினார். உரிமை கேட்கவும் தெரிந்தவர். நாட்டு மக்களை நம்பவும் தெரிந்தவர்.

1947-ல் தொழில், சமூக சேவை அமைச்சரானார். 1950-ல் இலங்கையின் தூதராகப் பாகிஸ்தான் சென்றார்.

1960-ல் ஹஜ் பயணம் மேற்கொண்டபோது மதீனா முனவ்வராவில் வஃபாத்தாகி, ஜன்னத்துல் பகீயில் அடக்கமானார். பதவிகள் அவரோடு முடிந்தன. கல்விப் பணி முடியவில்லை. மரணத்துக்குப் பின்னும் நன்மை சேர்ப்பவற்றில் பயனுள்ள கல்வியும் ஒன்றல்லவா? வல்ல அல்லாஹ் அவர்களுக்கு மேலான சுவனபதியை அருள்வானாக! ஆமீன்.