பூட்டைத் திறந்த மருத்துவர்

இத்தாலியின் வெனிஸ் நகரில் 1924-ஆம் ஆண்டு பிறந்தவர் பிராங்கோ பசாலியா. மாணவப் பருவத்தில் பாசிச ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றார். 1961-இல் கொரீசியா என்னும் எல்லைப்புற நகரின் மனநோய் மருத்துவமனைக்குத் தலைவராக வந்தபோது, அந்தச் சிறையின் நாற்றமே மீண்டும் அவர் நினைவுக்கு வந்தது. முதல் நாளே, இரவில் கட்டிப்போடப்பட்ட நோயாளிகளின் பதிவேடு கையொப்பத்துக்கு வந்தது. பசாலியா மறுத்துவிட்டார். அவர் வாழ்க்கை உண்மையில் தொடங்குவது அந்த மறுப்பில்தான் என்பேன்.

அன்று நடைமுறையில் இருந்தது 1904-ஆம் ஆண்டுச் சட்டம். ஆபத்தானவர் என்று கருதப்பட்டவரை அடைத்து வைப்பதே அதன் நோக்கம். அடைபட்டவர் பெயர் குற்றப் பதிவேட்டிலும் ஏறும். நோயாளிக்கும் கள்வனுக்கும் ஒரே ஏடு!

கொரீசியாவில் பூட்டுகள் திறந்தன. நோயாளிகளும் மருத்துவர்களும் ஒன்றாக அமர்ந்து கூட்டம் நடத்தினர். ஆனால் 1968-இல், ஒருநாள் விடுப்பில் வீடு சென்ற நோயாளி தம் மனைவியைக் கொன்றுவிட்டார். பசாலியா மீது வழக்கு வந்தது, பின்னர் விடுதலையானார். இதை மறைத்து அவரைப் புகழ்வது நேர்மையாகாது.

1971-இல் திரியெஸ்தே நகருக்கு வந்தார். அங்கே ஏறத்தாழ 1,200 பேர் அடைபட்டிருந்தனர். கூலியின்றித் துடைப்பம் பிடித்த நோயாளிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து ஊதியம் பெற்றனர். 1973-இல் அவர்கள் கலைஞர்களோடு சேர்ந்து பெரிய நீலக் குதிரை ஒன்றைச் செய்தார்கள். வாயிலுக்குள் அது நுழையவில்லை. வாயிலை உடைத்துத்தான் ஊர்வலம் வெளியே வந்தது. அதைவிடப் பெரிய வேலை அமைதியாக நடந்தது. நகரின் பகுதிதோறும், இரவும் பகலும் திறந்திருக்கும் மனநல நிலையங்கள் எழுந்தன.

1978 மே 13-இல் 180-ஆம் எண் சட்டம் நிறைவேறியது. புதிய மனநோய் மருத்துவமனைகள் கட்டக்கூடாது; பொது மருத்துவமனையின் மனநோய்ப் பிரிவில் 15 படுக்கைகளுக்கு மேல் கூடாது. அவ்வாண்டு டிசம்பரில் உருவான தேசிய சுகாதாரத் திட்டத்தில் இது இணைந்தது. மூடச் சொன்னது சட்டம். புதிய நிலையங்களைத் திறக்கும் பொறுப்போ மாநில ஆட்சிகளிடம் விடப்பட்டது. சில திறந்தன, பல தாமதித்தன. தாமதித்த இடங்களில் பாரம் குடும்பங்களின் தலையில், பெரும்பாலும் தாய்மார் தலையில், விழுந்தது. அரசு மருத்துவமனை வரிசையில் நின்று பழகிய வீட்டிலிருந்து படிக்க வந்த எனக்கு, சட்டம் காகிதத்திலிருந்து வாசலுக்கு வர ஆகும் காலம் புதிதல்ல.

அந்தப் பாதி வேலையை முடிக்கவே பசாலியா 1979-இல் ரோம் சென்றார். மறு ஆண்டு ஆகஸ்டில், 56-ஆம் வயதில், மூளைக் கட்டியால் இறந்தார். அவர் மனைவி பிராங்கா ஒங்காரோ 1983-இல் செனட் உறுப்பினராகி, சட்டம் நடைமுறைக்கு வரப் போராடினார். பழைய மருத்துவமனைகள் எல்லாம் மூடப்பட 1990-களின் இறுதி வரை ஆயிற்று.